கடைக்காரர் பதில்கள்: நிலாவைத் திருடினால் போயா லீவு என்னாகும்?

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் எனக்கு வரும் கடிதங்களின் எழுத்து பெரிதாகிவிடும். பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ஒரே படத்தைப் பற்றியது: 2010இல் வந்த 'டெஸ்பிக்கபிள் மீ'. பார்க்காதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்கிறேன். க்ரூ என்றொரு வில்லன். நிலாவைத் திருடுவது அவன் திட்டம். அதற்கு உதவும் என்று அநாதை இல்லத்திலிருந்து மூன்று சிறுமிகளைத் தத்தெடுக்கிறான். பிறகு திட்டம் ஒரு பக்கம் போகிறது, அவன் ஒரு பக்கம் போகிறான்.

புது வாசகர்களுக்கு ஒரு சொல்: நான் விமர்சகன் இல்லை. 1989 தொடக்கம் 2012 வரை வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் வீடியோ கடை வைத்திருந்தவன். அந்தத் தகுதியில்தான் பதில்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இந்தப் படம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாமியோ, "கள்ளனைக் கதாநாயகனாக்கிப் பிள்ளைக்குக் காட்டுவதா?" என்கிறார். காட்டலாமா?
*ஒரு தாய், தெகிவளை*

காட்டலாம் தங்கச்சி. மாமியையும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்திவிடுங்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி.

க்ரூ கள்ளன்தான். படம் அதை மறைக்கவே இல்லை. ஐஸ்கிறீம் விழுந்து அழும் ஒரு பையனுக்குப் பலூனில் பொம்மை செய்து கொடுப்பான். பையன் சிரித்ததும் ஊசியால் குத்தி உடைத்துவிட்டு நடையைக் கட்டுவான். கோப்பிக் கடையில் வரிசை நீளமாக இருந்தால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் உறைய வைத்துவிட்டு முன்னால் போவான். (காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கும் அப்படியொரு துப்பாக்கி தேவைப்பட்டிருக்கிறது. அதை மாமியிடம் சொல்லவேண்டாம்.)

பிள்ளைகளைத் தத்தெடுப்பதும் அன்பினால் இல்லை. அவனுக்குத் தேவையான சுருக்கும் துப்பாக்கி வெக்டர் என்ற இன்னொரு வில்லனின் கோட்டைக்குள் இருக்கிறது. அந்தக் கோட்டைக்குள் தடையில்லாமல் போய்வருவது பிஸ்கட் விற்க வரும் இந்த மூன்று பெண் பிள்ளைகள் மட்டும்தான். ஆகவே தத்தெடுக்கிறான். வீட்டுக்குக் கூட்டிவந்து, பிள்ளைகளுக்குத் தேவையானது எல்லாம் வைத்திருக்கிறேன் என்று காட்டுவான். பார்த்தால் தரையில் பழைய பேப்பரை விரித்து, நாய்க்கு வைப்பது போலக் கிண்ணத்தில் சாப்பாடும் தண்ணீரும்!

இனித்தான் விஷயம். இந்த ஆளை யாரும் உட்காரவைத்துப் புத்தி சொல்வதில்லை. சாமியார் வருவதில்லை, பொலிஸ் பிடிப்பதில்லை, மழையில் நனைந்துகொண்டு மனம் மாறும் பாட்டும் இல்லை. வேலை வருகிறது, அவ்வளவுதான். நடன வகுப்புக்கு ஏற்றி இறக்கவேண்டும். பூங்காவுக்குக் கூட்டிப்போகவேண்டும். இரவில் கதை வாசிக்கவேண்டும். ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டே செய்கிறான்.

அந்தக் கதை வாசிக்கும் இடத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். மூன்று பூனைக்குட்டிகள் நித்திரைக்குப் போகிற கதை. புத்தகத்தில் விரல் நுழைக்கிற துணிப் பொம்மைகள் இருக்கும். க்ரூ அதை வாசித்துவிட்டு, இதையெல்லாம் ஒரு கதையென்று எழுதியிருக்கிறார்களே, இரண்டு வயதுப் பிள்ளை எழுதியது போல இருக்கிறதே என்று எரிந்து விழுவான். ஆனால் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தமாட்டான். அவ்வளவு பெரிய விரலை அந்தச் சின்னப் பொம்மைக்குள் விட்டு, புத்தகம் சொல்கிறபடி ஆட்டுவான். குரல் எங்கே இறங்குகிறது என்று கவனியுங்கள். எனக்கு அந்த இடம் அத்துபடி, ஏனென்றால் கடை டிவியில் அந்தப் படத்தை ஓடவிட்டுத்தான் நான் மாலையில் கணக்கு எழுதுவது. கடைசியில் அவன் தானே ஒரு கதைப் புத்தகம் எழுதிக்கொண்டு வருவான். அதில் யார் பூனைக்குட்டி, யார் ஒற்றைக்கொம்புக் குதிரை என்பதை மாமி கண்டுபிடிக்கட்டும்.

பயப்படக்கூடிய இடம் என்றால், இல்லத்து அம்மா பிள்ளைகளைத் தண்டனைக்காக அட்டைப் பெட்டிக்குள் இருத்துவது, கடைசியில் ஆகாயத்தில் நடக்கும் துரத்தல், இரண்டும்தான். இன்னொன்று: ஒரு கிழவர் காது மந்தம். அவரிடம் ஒரு துப்பாக்கி கேட்டால் வேறொன்றைச் செய்து வைத்திருப்பார், அது நாற்றமடிக்கும். மகள் ஒரு கிழமைக்கு அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக்கொண்டு திரிவாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: நிலாவைத் திருடிவிட்டால் போயா லீவு வராதா?
*எட்டு வயது வாசகி, பம்பலப்பிட்டி*

நல்ல கேள்வி மகள். பௌர்ணமிதோறும் போயா என்று லீவு விடும் இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு மட்டும்தான் இந்தக் கவலை வரும். படம் எடுத்தவர்களுக்கு இது தோன்றியே இருக்காது.

பயப்படாதே. அடுத்த வருடத்துக் கலண்டர் ஏற்கெனவே அச்சடித்தாகிவிட்டது. சிவப்பு மையில் அச்சடித்த நாளை எந்த வில்லனாலும் தூக்க முடியாது. வெசாக் கூடுகள்கூட அன்றைக்கு இன்னும் பளிச்சென்று தெரியும்.

நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீற்றர். க்ரூ அதைச் சுருக்கி இரண்டு விரலால் பிடிப்பான். ஆனால் அந்தத் துப்பாக்கியில் ஒரு கோளாறு. பெரிய பொருள் எதுவோ அது கெதியாகப் பழைய அளவுக்கு வந்துவிடும். அப்படியென்றால் நிலாவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், அது அப்போது யாருடைய கப்பலுக்குள் இருக்கும் என்பதையெல்லாம் நீயே பார்.

கேள்வி: மஞ்சள் நிறக் குட்டி மினியன்கள் பேசுவது என்ன பாஷை? என் தம்பிக்கு விளங்குகிறது, எனக்கு விளங்கவில்லை.
*ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை*

தம்பிக்கு விளங்குவதுதான் சரி. அது இலக்கணம் படித்தவர்களுக்கான பாஷை இல்லை.

படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான பியர் கோஃபின்தான் அந்தப் பாஷையின் சொந்தக்காரர். மினியன்களுக்குக் குரல் கொடுப்பதும் பெரும்பாலும் அவரே. அவர் பிரெஞ்சுக்காரர். தாயார் இந்தோனேசியாவில் பேர்பெற்ற நாவலாசிரியை என். எச். தினி. ஆகவே வீட்டுச் சமையலறை முழுவதும் அந்தச் சட்டியில் விழுந்திருக்கிறது: பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி, ஆங்கிலம், நடுவில் இந்தோனேசியச் சொற்கள்.

2015இல் 'மினியன்ஸ்' என்று அவற்றுக்கே தனிப்படம் வந்தது. அதற்குள் கடையை மூடிவிட்டேன், ஆனால் பழைய வாடிக்கைக்காரர் விட்டால்தானே. கொம்பனித் தெருவிலிருந்து வரும் மலாய் அம்மா ஒருவர், பேரனோடு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டு வாசலில் நின்று சிரித்தார். "கடைக்காரர், அது 'தெரிமா காசி' என்று சொல்லுது, கேட்டீங்களா?" நன்றி என்று அர்த்தம். நான் திரும்ப ஒரு தடவை போட்டுக் கேட்டேன். உண்மைதான். அரை நூற்றாண்டாகக் கொழும்பில் இருக்கிறேன், பக்கத்துத் தெருவின் நன்றிச் சொல்லை ஒரு மஞ்சள் பொம்மை வந்து சொல்லித்தரவேண்டியிருந்தது.

இன்னொரு சங்கதி. முதலில் வரைந்தபோது இந்த மினியன்கள் தடித்த அடியாட்களாகத்தான் இருந்தார்களாம். அப்படி வைத்தால் க்ரூவை யாருக்கும் பிடிக்காது என்று பயந்து, சின்னதாக்கி, மஞ்சள் பூசி, கண்ணாடி மாட்டிவிட்டார்கள். நூற்றுக்கணக்கில் நிற்கும் அவற்றை க்ரூ பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பிள்ளைகள் வருவதற்கு முதலே நடக்கிற காரியம் அது. அவனுக்குள் ஏதோ இருக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

கேள்வி: வில்லன் திருந்துவதை ஏதோ ஹொலிவூட் கண்டுபிடித்தது போல இளசுகள் பேசுகிறார்கள். நமக்கு இது புதிதா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழும்பு 6*

இல்லை மாஸ்டர். நீங்கள் கேட்டது எதை மனதில் வைத்து என்று தெரிகிறது, கந்த சஷ்டியும் கிட்டத்தான் வருகிறது.

சூரன்போர் பார்க்கப் போகும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? முருகனைவிடச் சூரனுக்குத்தான் அவர்கள் கண். தலை மாறும்போதெல்லாம், யானை முகம், சிங்க முகம், ஒவ்வொன்றுக்கும் கூச்சல். என் பேத்தி நாலு வயதில், தோளில் இருந்துகொண்டு, "தாத்தா, இன்னும் எத்தனை தலை வைத்திருக்கிறார்?" என்று மரியாதையாகக் கேட்டாள். கடைசியில் மாமரமாய் நின்றவனை வேல் பிளக்கிறது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். மயில் வாகனம், சேவல் கொடி. கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் சூரனை ஒழித்துக்கட்டவில்லை, வேலைக்கு எடுத்துவிட்டார்! புராணப் படிப்பில் பொருள் சொல்பவர்கள் இதை மறக்கருணை என்பார்கள். அடித்தாலும் கருணை.

அயலவர் வீட்டிலும் இதே கதை உண்டு. விரல்களை வெட்டி மாலை போட்ட அங்குலிமாலன் புத்தரைக் கண்டு பிக்குவானான். இன்றைக்கும் சிங்கள வீடுகளில் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் வேண்டி ஓதுவது அவன் பெயரில் உள்ள பிரித். கொலைகாரனின் பெயர் பிரசவத்துக்குக் காவல். இதற்கு மேல் என்ன திருப்பம் வேண்டும்?

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது மாஸ்டர், அதில் நான் கார்ட்டூன் பக்கம். சூரனுக்கும் அங்குலிமாலனுக்கும் முன்னால் நின்றது கடவுளும் புத்தரும். க்ரூவுக்கு முன்னால் நிற்பது மூக்கு ஒழுகும் மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு அவனைத் திருத்தும் எண்ணமே கிடையாது. பூங்காவுக்குப் போகவேண்டும், அந்தப் பஞ்சுக் குதிரைப் பொம்மை வேண்டும், அவ்வளவுதான். பொம்மைக் கடையில் துப்பாக்கியால் இலக்கைச் சுடவேண்டும், பிள்ளை சுட்டு அடித்தும், இலக்கு விழவில்லை என்று கடைக்காரன் ஏமாற்றுகிறான். க்ரூ தன் சொந்த ஆயுதத்தை எடுத்து அந்தக் கடையையே தகர்த்துப் பொம்மையை வாங்கிக்கொடுக்கிறான். திருந்திவிட்டானா? இல்லையே, அதே ராட்சத வேலைதான். முதல் தடவையாக இன்னொருவருக்காகச் செய்கிறான். 2013இல் வந்த இரண்டாம் பாகத்தில் வில்லன்களைப் பிடிக்கும் ஒரு அமைப்பு அவனை வேலைக்கு எடுக்கும். அங்கே கச்சியப்பர் எட்டிப்பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் வயதுக்காரருக்கு ஒரு விருந்து. க்ரூவின் தாய்க்குக் குரல் கொடுத்திருப்பவர் ஜூலி அன்ட்ரூஸ். 'சவுண்ட் ஒஃப் மியூசிக்'கில் ஏழு பிள்ளைகளைப் பாட்டுப் பாடி வளர்த்த அதே அம்மணி, இங்கே மகன் மக்கரோனியில் ரொக்கெட் செய்து காட்டினால் "ம்" என்று முகத்தைத் திருப்புகிற தாய். சின்ன க்ரூ நிலாவில் மனிதன் கால் வைப்பதை டிவியில் பார்த்து ஆசைப்பட்டவன். நிலா ஏன் வேண்டும் என்பதை அந்த ஒரு "ம்" சொல்லிவிடும்.

கேள்வி: க்ரூ நல்லவன் ஆனான். வெக்டர் ஏன் ஆகவில்லை? அவனும் பிஸ்கட் வாங்கினான்தானே?
*பத்து வயது வாசகன், வத்தளை*

இதைக் கேட்டதற்கு உனக்கு ஒரு மாலு பாண் வாங்கித் தரவேண்டும்.

வெக்டரும் அந்தப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தான். பிஸ்கட் வாங்கினான், கதவைச் சாத்தினான். சுறா, ஏவுகணை, எல்லாம் அவன் வீட்டில் உண்டு, ஆனால் ஒருவரும் இரவு தங்கியதில்லை. க்ரூ வீட்டில் தங்கினார்கள். தங்கினால் என்ன நடக்கும் என்று உன் அம்மாவைக் கேள்: தண்ணீர் வேண்டும், பயமாக இருக்கிறது, இன்னொரு கதை, முத்தம். வெக்டரிடம் அதெல்லாம் யாரும் கேட்கவில்லை, பாவம். கடைசியில் பிள்ளைகளைக் கடத்தி வைத்துக்கொண்டு நிலாவைக் கேட்பான், நிலாவைக் கொடுத்த பிறகும் பிள்ளைகளை விடமாட்டான். அவனுடைய அப்பாதான் வில்லன்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் தலைவர் என்பதையும் சேர்த்துப் பார்.

அந்த வங்கிப் பெயர்ப்பலகையின் கீழே சின்ன எழுத்தில் 'முன்னாள் லேமன் பிரதர்ஸ்' என்று இருக்கும். அது உனக்கு இல்லை, உன் அப்பாவுக்கு. 2008இல் விழுந்த அமெரிக்க வங்கி. அவர் சிரித்தால் காரணம் கேள், அரை மணித்தியாலம் போகும்.

கேள்வி: அனிமேஷன் படிக்க ஆசை. வீட்டில் "கார்ட்டூன் கீறி எப்படிச் சோறு?" என்கிறார்கள். இந்தப் படம் எங்கே செய்தது?
*உயர்தர மாணவி, மட்டக்குளி*

பணம் அமெரிக்காவில், கை பாரிஸில். இலூமினேஷன் என்ற நிறுவனத்தின் முதல் படம் இது. கணினியில் அசைத்தது பாரிஸிலிருந்த மக் கஃப் என்ற கலைக்கூடம். கதைக்கு வித்துப் போட்டவர் செர்ஜியோ பாப்லோஸ் என்ற ஸ்பானியர். செலவு கிட்டத்தட்ட 6.9 கோடி டொலர். அதே வருடம் வந்த 'டோய் ஸ்டோரி 3'க்கு 20 கோடி டொலர் அளவில் போனது. மூன்றில் ஒரு பங்குக்கு எடுத்த படம் உலகம் முழுவதும் 54 கோடி டொலருக்கு மேல் சம்பாதித்தது. வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் ஒன்று மகள், முதலில் பென்சிலால் கை வரையப் பழகுங்கள். க்ரூவின் நீண்ட மூக்கும் குச்சிக் காலும் கடதாசியில் பிறந்தவைதான்.

கேள்வி: தமிழில் பேசும் என்று விளம்பரம் போட்ட ஒரு கார்ட்டூனுக்குக் குடும்பத்தோடு போனால் ஆங்கிலத்தில் ஓடியது. எங்கே முறையிடுவது?
*நொந்த தகப்பன், மருதானை*

எனக்கும் இது நடந்தது. படமாளிகையின் பெயர் வேண்டாம். நான் என் மனைவி, பேத்தி, மனைவியின் அக்கா எல்லாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்காவுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. க்ரூ என்ற பெயரைக் குரு என்று கேட்டு, யாரோ சுவாமியின் சரித்திரம் என்று விபூதி பூசிக்கொண்டு வந்தவர். மனேஜரிடம் போனேன், "அங்கிள், கொப்பி மாறி வந்துட்டுது" என்றார். காசு திரும்ப வரவில்லை. நீங்கள் டிக்கெட் எடுக்க முன் கவுண்டரில் பாஷையைக் கேட்டு, டிக்கெட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

சிங்களப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். டைட்டஸ் தொட்டவத்த என்ற மனிதர் ரூபவாஹினித் தொலைக்காட்சியில் பக்ஸ் பன்னியையே 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கி, அந்த முயல் இந்த ஊரில் பிறந்தது என்று நம்பவைத்துவிட்டார். நம் கொழும்புத் தமிழில், நம் பகிடியோடு, ஒருவர் அப்படிச் செய்திருந்தால்! மினியன் ஒன்று "ஐயோ, பாண் முடிஞ்சுது" என்று கத்துவதை நான் கனவில் கேட்டிருக்கிறேன்.

அக்கா, சொல்ல மறந்துவிட்டேன், படம் முழுவதும் சிரித்தார். நடன நிகழ்ச்சிக்குப் பிந்தி வந்த க்ரூ வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். வெளியில் வந்து, "நல்ல குரு" என்றார்.

கேள்வி: நீங்கள் கடை வைத்திருந்த காலத்தில் க்ரூவைவிட மோசம் என்று என் அம்மா சொல்கிறார். உண்மையா?
*பன்னிரண்டு வயது வாசகி, வெள்ளவத்தை*

உன் அம்மா யாரென்று உன் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். அதே வால் நீண்ட 'ளை'.

விசயம் இதுதான். அப்போது கசெட் காலம். பார்த்து முடித்தால் ரிவைண்ட் பண்ணித் தரவேண்டும், இல்லாவிட்டால் ஐந்து ரூபா தண்டம். சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன். இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி வருவாள், கசெட் எப்போதும் நடுவிலே நிற்கும், அதுவும் ஒரே பாட்டில். டேப்பில் அந்த இடம் தேய்ந்து கோடு விழுந்துவிட்டது. தண்டம் கேட்டால், "அங்கிள், அடுத்த ஆளும் இந்தப் பாட்டைப் பார்க்கட்டும் என்றுதான் நிப்பாட்டி வைச்சேன்" என்பாள். நான் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு கணக்குக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். பிறகு நானே கையால் ரிவைண்ட் பண்ணுவேன், அந்தப் பாட்டை ஒருமுறை பார்த்துவிட்டு.

கடையை மூடிய அன்று எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டேன், கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டேன். அலுமாரியில் இருக்கிறது. அம்மாவின் பக்கத்தில் நாற்பத்தைந்து ரூபா நிற்கிறது. வட்டி போடவில்லை என்று சொல்.